கையில் பணமில்லாமல் கம்பெனி வாங்குகிறவர்கள்: சர்ச் ஃபண்டின் கணக்கும் நெல்லைச் சீமையின் முதலாளிகளும்

ஒரு தொழிலை வாங்க வேண்டுமென்றால் வாங்குகிறவரிடம் பணம் இருக்க வேண்டும் என்றே நாம் எல்லோரும் நினைக்கிறோம். ஆனால் முப்பது வயதில், பெரிய சேமிப்பு எதுவும் இல்லாத ஒருவர், இருபது கோடி ரூபாய் பெறுமானமுள்ள கம்பெனியை வாங்கி அதை நடத்தத் தொடங்க முடியும். அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளாக இது நடந்துவருகிறது. அதற்கு சர்ச் ஃபண்ட் என்று பெயர். தேடல் நிதி எனலாம். பின்னாளில் ஸ்டான்ஃபோர்ட் வணிகப் பள்ளியில் பல்லாண்டு பாடம் நடத்திய இர்விங் கிரௌஸ்பெக் இதற்கு வடிவம் கொடுத்தார். முதல் நிதி 1984-இல் உருவானது. இந்தியாவில் இந்த வழியில் கம்பெனி வாங்கியவர்கள் இன்னும் மிகக் குறைவு.

நெல்லைச் சீமையில் இதைப் பற்றி இப்போதே பேச வேண்டியிருப்பதற்குக் காரணம், எந்தக் கல்யாண வீட்டிலும் காதில் விழும் இந்தப் பேச்சு:

"அண்ணாச்சி, உங்களுக்குப் பொறவு கம்பெனிய யாரு பாக்கப் போறா?"

"பெரியவன் சிங்கப்பூர்ல செட்டிலாயிட்டான். சின்னவளுக்குச் சென்னையில ஐ.டி. வேலை. ரெண்டு பேரும் வரமாட்டாவ. ஓடுற வரைக்கும் ஓடட்டும்."

பெரிய தொழில்களுக்கு இந்தக் கவலை இல்லை. தாழையூத்தில் 1949-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸ், 2024 டிசம்பரில் அல்ட்ராடெக் வசம் போனது. அந்த அளவுள்ள கம்பெனியை வாங்க ஆள் வந்துவிடும். வள்ளியூரிலோ பேட்டையிலோ ஐம்பது அறுபது பேரை வைத்து, ஆண்டுக்கு ஒரு கோடி, நாலு கோடி லாபம் பார்க்கும் கம்பெனியை யார் வாங்குவார்கள்? பங்குச் சந்தைக்கு அது சிறியது. பக்கத்துக் கடைக்காரருக்கோ பெரியது. ராதாபுரம், பணகுடி பக்கம் காற்றாலைகள் பெருகியது 1990-களில். காற்றாலை போட்டால் முதல் ஆண்டிலேயே முழு மதிப்பையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்ற வருமான வரிச் சலுகை அப்போது இருந்தது. அந்த அலையில் பராமரிப்பு, கிரேன், உதிரிபாகம் என்று தொழில் தொடங்கியவர்கள் இன்று அறுபதைத் தாண்டியிருப்பார்கள். சர்ச் ஃபண்ட் தேடி வருவது இந்த வயதையும் இந்த அளவையும்தான்.

தேடுவதற்கே ஒரு பணம்

இதில் பணம் இரண்டு தடவை திரட்டப்படுகிறது. முதல் தடவை திரட்டுவது, கம்பெனியைத் தேடும் செலவுக்கு. தேடுபவர் பெரும்பாலும் எம்.பி.ஏ. முடித்து சில ஆண்டே ஆனவர். பத்துப் பதினைந்து முதலீட்டாளர்களிடம் ஆளுக்கு ஒரு பங்கு வாங்கிக்கொள்கிறார். அமெரிக்காவில் மொத்தமாக 4, 5 லட்சம் டாலர் சேரும். இரண்டு ஆண்டுகள் இதிலிருந்துதான் அவருக்குச் சம்பளம், பயணச் செலவு, ஆடிட்டர், வக்கீல் எல்லாம். ஆயிரக்கணக்கான முதலாளிகளுக்குக் கடிதம் எழுதி, சிலநூறு பேருடன் பேசி, ஒரே ஒரு கம்பெனியை வாங்க வேண்டும். வாங்க முடியாமல் போனால் அந்தப் பணம் போனதுதான். முதலீட்டாளர் திருப்பிக் கேட்க மாட்டார்.

திரும்பாது என்று தெரிந்தே ஏன் கொடுக்கிறார்கள்? பதிலுக்கு இரண்டு உரிமைகள் கிடைக்கின்றன. கம்பெனி கிடைத்ததும் அதை வாங்கும் பணத்தில் தன் பங்குக்கு ஏற்ப முதலில் சேரும் உரிமை ஒன்று. சேர்வதும் சேராததும் அவர் விருப்பம். தேடலுக்குக் கொடுத்த பணம் ஒன்றரை மடங்காக எழுதப்பட்டுப் புதிய கம்பெனியில் பங்காக மாறுவது மற்றொன்று. 10 லட்சம் கொடுத்தவர் கணக்கில் 15 லட்சம் இருக்கும். தேடல் தோற்கும் அபாயத்துக்கு அது கூலி. ஸ்டான்ஃபோர்ட் கணக்குப்படி மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட தேடல்கள் எதையும் வாங்காமலே முடிந்திருக்கின்றன. ஆகவே அந்தக் கூலியை அதிகம் என்று சொல்லிவிட முடியாது.

முதல் உரிமை, பார்ப்பதற்கு முதலீட்டாளருக்கு மட்டும் சாதகம் போலத் தெரிகிறது. உண்மையில் அது விற்பவருக்கும் ஒரு காவல். தேடுபவர் தவறான கம்பெனியையோ தகாத விலையையோ கொண்டுவந்தால், அனுபவமுள்ள பதினைந்து பேரில் பாதிப் பேர் விலகிக்கொள்வார்கள், பேரம் அங்கேயே முறியும். ஆனால் இருபதாவது மாதம் வந்து, சம்பளம் நிற்கப்போகிறது என்ற நிலையில் தேடுபவரின் மனம் எப்படி இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். எதையாவது வாங்கிவிட வேண்டும் என்ற நெருக்கடி இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது. அந்த நேரத்தில் நல்ல விலை சொல்லி வருபவரிடம், தேடத் தொடங்கி எத்தனை மாதம் ஆகிறது என்று விற்பவர் கேட்டுக்கொள்வது நல்லது.

அவர்கள் எதை விரும்புகிறார்கள்? ஆண்டுதோறும் திரும்பி வரும் வாடிக்கையாளர், ஓரளவு நல்ல லாப விகிதம், புதிய இயந்திரம் வாங்க ஆண்டுதோறும் பெருந்தொகை கேட்காத தொழில். பராமரிப்பு ஒப்பந்தங்கள் வைத்திருக்கும் கம்பெனி, பரிசோதனைக் கூடம், தொழிற்சாலைகளுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு செய்துகொடுப்பவர், நிலையான கடைகள் கொண்ட மசாலாப் பொடி கம்பெனி ஆகியவை இதற்குப் பொருந்தும். அரிசி ஆலை பொருந்தாது, அதில் லாப விகிதம் மெல்லியது, நெல் வாங்கவே கோடிக்கணக்கில் முடங்கும். முக்கூடல், ஆலங்குளம் பக்கத்துப் பீடித் தொழிலும் பொருந்தாது. குறைந்துகொண்டே வரும் தொழிலைக் கடன் வாங்கி யாரும் வாங்க மாட்டார்கள்.

வாங்கும் பணம் எங்கிருந்து வருகிறது

இனி இரண்டாவது பணம். ஒரு கற்பனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். வள்ளியூர் பக்கம் காற்றாலைப் பராமரிப்புக் கம்பெனி ஒன்று. வேலை செய்பவர்கள் 60 பேர். வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் ஆண்டு லாபம் 4 கோடி. அமெரிக்காவில் இத்தகைய கம்பெனிகளுக்கு அந்த லாபத்தைப்போல் 5 முதல் 7 மடங்கு விலை பேசப்படுவது வழக்கம். இங்கே 5 மடங்கு, 20 கோடி என்று வைத்துக்கொள்வோம்.

இந்த 20 கோடியில் வங்கிக் கடன் 7 கோடி. விற்பவரே 4 கோடியை உடனே வாங்காமல், ஐந்து ஆண்டுத் தவணையில் வட்டியோடு பெற்றுக்கொள்ளச் சம்மதிக்கிறார். மீதி 9 கோடியை முதலீட்டாளர்கள் போடுகிறார்கள். தேடலுக்கு அவர்கள் முன்பே கொடுத்தது 1.5 கோடி. அது ஒன்றரை மடங்காகி 2.25 கோடி என்று எழுதப்படும். ஆக முதலீட்டாளர் கணக்கு 11.25 கோடி. தேடியவர் தன் கையிலிருந்து போட்டது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

முதலீட்டாளரின் பங்கு சாதாரணப் பங்கு அல்ல. அது முன்னுரிமைப் பங்கு. முதலில் அவர்கள் போட்ட முதல் திரும்ப வேண்டும். அதன்மேல் ஆண்டுக்கு 8 விழுக்காடு போல ஒரு வருவாய் சேர்ந்துகொண்டே போகும், அதுவும் வர வேண்டும். இரண்டும் போக மிஞ்சுவதில்தான் எல்லோருக்கும் பங்கு. தேடியவருக்கு அந்த மிச்சத்தில் 25 விழுக்காடு வரை உண்டு. இருவர் சேர்ந்து தேடினால் 30 வரை போகும். அதையும் ஒரே தடவையில் கொடுப்பதில்லை. கம்பெனியை வாங்கி முடித்ததும் மூன்றில் ஒன்று. நான்கைந்து ஆண்டு இருந்து நடத்தினால் இன்னொன்று. முதலீட்டாளரின் ஆண்டு வருவாய் 20 விழுக்காட்டைத் தாண்டினால் மூன்றாவது பங்கு கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கத் தொடங்கி, 35 விழுக்காட்டில் முழுமையாகும்.

ஐந்து ஆண்டு கழித்து லாபம் 4 கோடியிலிருந்து 6 கோடியாக வளர்ந்து, அதே 5 மடங்குக்குக் கம்பெனி 30 கோடிக்கு விற்கிறது. வங்கிக் கடனும் விற்றவரின் தவணையும் கம்பெனி லாபத்திலிருந்தே கட்டி முடிந்துவிட்டன. முதலீட்டாளரின் 11.25 கோடி, 8 விழுக்காடு வளர்ச்சியோடு சுமார் 16.5 கோடி. அதை முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். மிச்சம் ஏறத்தாழ 13.5 கோடி. அந்த 11.25 கோடியின் மேல் அவர்களின் ஆண்டு வருவாய் 19.8 விழுக்காட்டில் நின்றுவிட்டதால் தேடியவருக்கு மூன்றாவது பங்கு கிடையாது. 25 விழுக்காட்டின் மூன்றில் இரண்டு, அதாவது மிச்சத்தில் ஆறில் ஒன்று, சுமார் 2.25 கோடி, அவருக்கு. முதலீட்டாளர்களுக்கு மொத்தம் 27.75 கோடி. அவர்கள் ரொக்கமாகப் போட்டது 10.5 கோடி.

கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பினால்? லாபம் 3 கோடியாகச் சரிந்து, 4 மடங்குக்கு விற்று, 3 கோடிக் கடன் பாக்கி நின்றால் கையில் வருவது 9 கோடி. முன்னுரிமை இருப்பதால் அது முழுவதும் முதலீட்டாளருக்கே போகும், அவர்களுக்கு ஒன்றரைக் கோடி நட்டம். ஐந்து ஆண்டு உழைத்த தேடியவருக்குச் சம்பளம் தவிர ஒரு பைசாவும் வராது. இதனால்தான் இந்த முறையைத் தேடுபவரின் கொள்ளை என்று சொல்வதை நான் ஏற்பதில்லை. அவர் பெறுவது கடைசியாக வரும் பங்கு.

கடனைக் கட்டுவது யார்

மேலே உள்ள கணக்கை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். கம்பெனியை வாங்கும்போது பங்குதாரர்கள் போட்ட ரொக்கம் 9 கோடி. விற்கும்போது 30 கோடி. கூடியது 21 கோடி. அதில் லாபம் வளர்ந்ததால் வந்தது 10 கோடி. கடன் அடைந்ததால் வந்தது 11 கோடி. பாதிக்கு மேல், கடன் கட்டியதிலிருந்து வந்த பணம்.

அந்தக் கடனைக் கட்டியது தேடியவரும் அல்ல, முதலீட்டாளரும் அல்ல. ஏணியில் ஏறி இறக்கை பழுதுபார்த்தவர்கள், இரவில் கிரேன் ஓட்டியவர்கள், காவல்கிணறு விலக்கில் வண்டிக்குக் காத்து நின்றவர்கள் என அந்த 60 பேரும் சம்பாதித்துக் கொடுத்த லாபம் அதைக் கட்டியது. முன்பு அந்த லாபம் முதலாளி வீட்டுக்குப் போயிருக்கும், இப்போது வங்கிக்கும் பழைய முதலாளிக்கும் போனது, தொழிலாளிக்கு என்ன வித்தியாசம் என்று கேட்கலாம். வித்தியாசம் இருக்கிறது. கடனில்லாத கம்பெனியில் ஒரு மோசமான ஆண்டு வந்தால் முதலாளி குறைவாக எடுத்துக்கொள்வார். கடனுள்ள கம்பெனியில் தவணை நிற்காது. போனஸும் புதிய ஆள் எடுப்பதும் பழைய வண்டியை மாற்றுவதும் முதலில் நிற்கும். அபாயத்தின் ஒரு பகுதி, ஒப்பந்தத்தில் பெயரே இல்லாதவர்கள் தலையில் இறங்குகிறது.

மற்றவர்களின் பலனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விற்பவருக்கு ரொக்கம், வாழ்நாள் உழைப்புக்கு ஒரு முடிவு, ஊரில் கம்பெனியின் பெயர் தொடர்வது. வங்கிக்கு வட்டி. ஆடிட்டருக்கும் வக்கீலுக்கும் பேரம் முடிந்தாலும் முறிந்தாலும் கட்டணம்.

முதலீட்டாளருக்கு எவ்வளவு? ஸ்டான்ஃபோர்டின் 2024 ஆய்வு, 1984 முதல் 2023 முடியும்வரை அமெரிக்கா, கனடாவில் உருவான 681 நிதிகளை எடுத்துக்கொண்டது. ஒட்டுமொத்தமாக ஆண்டுக்கு 35.1 விழுக்காடு வருவாய், போட்ட பணம் 4.5 மடங்கு என்றது. இந்த எண்ணைக் கேட்டு யாரும் மயங்க வேண்டாம். சராசரியைத் தூக்கி நிறுத்துவது மிகச் சில பெரிய வெற்றிகள். 1995-இல் இருவர் தேடி வாங்கிய சாலையோர உதவிக் கம்பெனி ஒன்று, பின்னாளில் கைப்பேசிக் காப்பீட்டில் உலகப் பெரும் நிறுவனமான அஷூரியன் ஆனது. அப்படி ஒன்று கணக்கில் இருந்தால் மற்ற பலவற்றின் நட்டம் கண்ணுக்குத் தெரியாது. வாங்கப்பட்ட கம்பெனிகளிலும் கணிசமானவை முதலீட்டாளரின் முதலை இழக்கவைத்தவை. பல நிதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடும் அளவுக்கு வசதியுள்ளவருக்கே அந்தச் சராசரி கிடைக்கும். ஒரே நிதியில் சேமிப்பைப் போடுகிறவருக்குக் கிடைப்பது அந்த ஒரு நிதியின் விதி மட்டும்.

அமெரிக்காவில் இன்னொரு கிளையும் உண்டு. முதலீட்டாளர்களிடம் தேடல் பணம் வாங்காமல், சொந்தச் செலவில் தேடி, அரசின் சிறுதொழில் நிர்வாகம் உத்தரவாதம் தரும் கடனில் வாங்குவது. 50 லட்சம் டாலர் வரை, பத்து ஆண்டுத் தவணையில் கிடைக்கும். பங்கின் பெரும்பகுதி வாங்கியவரிடமே நிற்கும். ஆனால் 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். தொழில் விழுந்தால் வீடும் போகும். ஓர் அரசு, புதிய தொழில் தொடங்குகிறவரைப் போலவே ஓடுகிற தொழிலை வாங்குகிறவருக்கும் கடன் உத்தரவாதம் தருகிறது என்பதை இங்கே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில் இடறும் இடங்கள்

அந்த முறையை அப்படியே பாளையங்கோட்டையில் இறக்கினால் முதலில் இடறுவது வங்கியில். கம்பெனியின் பங்குகளை வாங்கக் கடன் கொடுப்பதற்கு ரிசர்வ் வங்கி நெடுங்காலம் கடுமையான கட்டுப்பாடு வைத்திருந்தது. 2025 அக்டோபரில், இந்திய நிறுவனங்கள் பிற நிறுவனங்களைக் கையகப்படுத்த வங்கிகள் கடன் தர வழி செய்வதாக அறிவித்தது. அது பெரிய நிறுவனங்களை மனத்தில் வைத்த அறிவிப்பு. முப்பது வயதுத் தேடலாளருக்கு அதில் இடமில்லை. வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் கொடுக்கலாம். வட்டி கூடும், கூடும் ஒவ்வொரு விழுக்காடும் கம்பெனியின் லாபத்தைத் தின்னும். ஆகவே இங்கே கடனின் பங்கு குறையும், முதலீட்டாளர் பணமும் விற்பவர் விட்டுவைக்கும் தவணையும் கூடும்.

முதலீடு திரட்டுவதிலும் சட்டம் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் நேரடியாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் பங்கு எடுத்தால், ஆண்டுக்கு 200 பேருக்கு மேல் அழைக்கக் கூடாது என்ற கம்பெனிச் சட்ட வரம்புக்குள் அது அடங்கும். பொதுவாகப் பணம் திரட்டி ஒரு நிதியாக நடத்தினால் செபியின் 2012-ஆம் ஆண்டு மாற்று முதலீட்டு நிதி விதிகள் வந்துவிடும். அதில் பொதுவாக ஒருவர் குறைந்தது 1 கோடி போட வேண்டும். சர்ச் ஃபண்ட் என்று சொல்லிச் சீட்டுப் பணம் போல ஊரெல்லாம் ஐம்பதாயிரம், லட்சம் என்று யாராவது வசூலித்தால், அந்தப் பக்கம் போகவே கூடாது.

அடுத்த இடறல், நம் கம்பெனிகளின் வடிவம். நெல்லையில் பல தொழில்கள் தனிநபர் பெயரிலோ குடும்பக் கூட்டு நிறுவனமாகவோ ஓடுகின்றன. அவற்றில் வாங்குவதற்குப் பங்கு என்று ஒன்றும் இல்லை. தொழிலையே மொத்தமாக மாற்ற வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு புதிதாக எடுக்க வேண்டும், பழைய உள்ளீட்டு வரி வரவை ஐ.டி.சி.-02 படிவம் வழியாகக் கொண்டுவர வேண்டும். உரிமங்கள், ஒப்பந்தங்கள் ஒவ்வொன்றும் புதிய பெயருக்கு மாற வேண்டும். இடம் பெரும்பாலும் தாத்தா காலத்துக் கூட்டுப் பட்டாவில் இருக்கும். தொழிலை விற்று இடத்தை வாடகைக்கு விடுவது நடைமுறைக்கு ஒத்துவரும். இரண்டு மூன்று ஆண்டு முன்னதாகவே பிரைவேட் லிமிடெட் ஆக்கி, கணக்கைச் சுத்தப்படுத்தி வைத்தவருக்கு வேலை பாதியாகும். 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த, சந்தையில் பட்டியலிடாத பங்குகளை விற்றால் 2024 ஜூலை 23-க்குப் பிறகு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 விழுக்காடு, அதோடு கூடுதல் வரிகள்.

கணக்கைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிட வேண்டும். பில் போடாமல் விற்றதற்கு யாரும் விலை தர மாட்டார்கள். ஆண்டுக்கு 40 லட்சம் லாபத்தைக் கணக்கில் காட்டாத முதலாளி, 5 மடங்கு கணக்கில் தன் கம்பெனியின் விலையில் 2 கோடியை இழக்கிறார். ஓர் ஆண்டில் மிச்சப்படுத்திய வரி அதில் சிறு பகுதியே. வயது அறுபதை நெருங்கும்போது இந்தக் கணக்கு ஒவ்வொரு முதலாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், ஜாமீன் கையெழுத்து. கம்பெனியின் நடப்பு மூலதனக் கடனுக்கு முதலாளியும், பெரும்பாலும் அவர் மனைவியும், வங்கியில் தனிப்பட்ட ஜாமீன் போட்டிருப்பார்கள். வீட்டுப் பத்திரமும் அங்கே இருக்கும். பங்கை விற்றுவிட்டதால் அந்த ஜாமீன் தானாக நீங்காது. வங்கி எழுத்தில் விடுவிக்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வராமல் கம்பெனியைக் கைமாற்றிக் கொடுத்தால், பிறர் நடத்தும் தொழிலின் கடனுக்குத் தன் வீட்டை அடமானம் வைத்துக்கொண்டு ஓய்வெடுப்பதாக ஆகிவிடும். விற்பவர் தவணைக்கு விட்டுவைக்கும் 4 கோடியும் வங்கிக் கடனுக்குப் பின்னால்தான் நிற்கும். கம்பெனி தடுமாறினால் முதலில் நிறுத்தப்படுவது அவருடைய தவணை. அதற்கு ஈடாக, தவணை முடியும்வரை மாதக் கணக்கைப் பார்க்கும் உரிமையும், தன்னைக் கேட்காமல் புதிய கடன் வாங்கக் கூடாது என்ற தடையும், பங்குகளின் மீது ஒரு பிடியும் அவர் கேட்டுப் பெற வேண்டும். கேட்டால் கிடைக்கும். இரண்டு ஆண்டு அலைந்து ஒரே ஒரு கம்பெனியைக் கண்டுபிடித்தவருக்கு விற்பவரை விட்டுவிட மனம் வராது.

தொழிலாளர் பக்கம் சட்டம் கொஞ்சம் காவல் தருகிறது. பங்கு கைமாறினால் வேலை கொடுப்பவர் அதே கம்பெனிதான். பணிக்காலம் தொடரும், கிராஜுவிட்டி பொறுப்பும் தொடரும். தொழிலே கைமாறும்போது, பணிக்காலம் அறுபடாமல், பழையதைவிடக் குறையாத நிபந்தனைகளில் அவர்களை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் இழப்பீடு தர வேண்டும் என்பது தொழில் தகராறு சட்டக் காலத்திலிருந்தே உள்ள விதி. பணிக்காலம் பாதுகாப்பாக இருக்கும், ஆனால் கூடிய 21 கோடியில் அவர்களுக்கு ஒரு பங்கும் இல்லை.

அதைச் சரிசெய்ய முடியாதா? அந்தக் கற்பனைக் கணக்கில் முன்னுரிமைப் பணம் போக மிஞ்சியது 13.5 கோடி. அதில் பத்தில் ஒரு பங்கு ஊழியர்களுக்கு என்று தொடக்கத்திலேயே எழுதிவைத்தால் 1.35 கோடி. 60 பேருக்குச் சராசரி 2.25 லட்சம். முதலீட்டாளரின் 27.75 கோடி 26.4 கோடியாகும். யாருடைய கணக்கும் இதனால் உடையாது. ஒரு ஐ.டி.ஐ. முடித்த பையனுக்கு அந்த 2.25 லட்சம் தங்கையின் படிப்பு, வீட்டுக்கு ஓர் அறை. இதை நிபந்தனையாக வைக்கக்கூடிய ஒரே ஆள் விற்பவர்தான். கையெழுத்துப் போடும் நாள்வரைதான் அந்த அதிகாரம் அவரிடம் இருக்கும்.

உள்ளே இருக்கிற ஆள்

இத்தனையும் பேசிய பிறகு எனக்குத் தோன்றுவது ஒன்று. சர்ச் ஃபண்டில் நல்லது அதன் பணக் கட்டுமானம். விற்பவர் ஒரு பகுதியைத் தவணைக்கு விட்டுவைப்பது, பலர் சிறிது சிறிதாகப் போடுவது, நடத்துபவர் பங்கை உழைத்து உழைத்துப் பெறுவது ஆகிய மூன்றும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் அந்த நடத்துபவர் வெளியூரிலிருந்து தேடிக்கொண்டு வரும் பட்டதாரியாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இந்த ஏற்பாடு இந்தச் சீமைக்குப் புதிதும் இல்லை. சென்னையிலும் மும்பையிலும் மளிகைக் கடை வைத்த நெல்லை அண்ணாச்சிமார் செய்ததை நினைத்துப் பார்க்கலாம். ஊரிலிருந்து வந்த பையன் பத்துப் பன்னிரண்டு ஆண்டு கடையில் நிற்பான். சம்பளத்தின் பெரும்பகுதியை முதலாளியிடமே விட்டுவைப்பான். தகுந்த நேரத்தில் அந்தப் பணமும் முதலாளியின் கைமுதலும் சேர்ந்து அவனுக்கு ஒரு கடை ஆகும். சரக்கு கடனுக்கு வரும், விற்றுக் கட்டுவான். விட்டுவைத்த சம்பளம் அவன் போட்ட முதல், கடனுக்கு வந்த சரக்கு விற்பவரின் தவணை, கடையில் நின்ற ஆண்டுகள் உழைத்துப் பெற்ற பங்கு. அங்கே முதலீட்டாளர் இரண்டு ஆண்டு ஊர் சுற்றும் ஒருவரை நம்புகிறார், இங்கே முதலாளி தன் கண்முன் வளர்ந்தவனை நம்பினார். நாடார் சமூகத்தார் வியாபாரத்தில் மகமை பிரித்துப் பொதுப்பணம் சேர்த்துப் பள்ளிகள் கட்டியவர்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று தொடங்கி, இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கியாக நிற்பதும் அந்த மண்ணில் எழுந்ததே. சேர்ந்து முதல் போடத் தெரியாத ஊர் இது இல்லை.

சிறிய அளவில் ஒரு கணக்கு. ஆண்டு லாபம் 50 லட்சம், விலை 2 கோடி. இருபது ஆண்டாகக் கம்பெனியை நடத்திவரும் மேலாளர் போடுவது 10 லட்சம். அவரையும் தொழிலையும் அறிந்த பத்துப் பேர், சரக்கு கொடுப்பவர், வாடிக்கையாளர், முதலாளியின் உறவினர் என்று, ஆளுக்கு 5 லட்சம். இயந்திரங்களின் பேரில் வங்கிக் கடன் 50 லட்சம். பங்கு வாங்கக் கடன் என்றால் தயங்கும் வங்கி, தொழிலையும் இயந்திரத்தையும் வாங்கும் தவணைக் கடன் என்றால் உட்கார்ந்து பேசும். மீதி 90 லட்சத்தை முதலாளி ஆறு ஆண்டில், 9 விழுக்காடு வட்டியோடு வாங்கிக்கொள்கிறார். அவருக்கு ஆண்டுக்கு சுமார் 20 லட்சம், வங்கிக்கு 13.5 லட்சம். வரியும் போக, முதல் ஆண்டுகளில் கையில் எட்டு லட்சம் போலவே மிஞ்சும். இறுக்கம்தான். லாபம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் தவணை தடுமாறும், ஆகவே மோசமான ஆண்டில் முதலாளி தன் தவணையைத் தள்ளிவைக்க ஒப்பந்தத்திலேயே இடம் வேண்டும். வெளியாளுக்கு அவர் அதைத் தர மாட்டார். இருபது ஆண்டு கூட இருந்தவருக்குத் தருவார்.

இதில் முதலாளிக்கு 20 கோடிக் கணக்கின் மினுமினுப்பு இல்லை. பணம் மெதுவாகத்தான் வரும். பதிலுக்கு, வாடிக்கையாளர் கலைய மாட்டார், ஆட்கள் நிற்பார்கள், இரண்டு ஆண்டு தேடல் செலவும் அதன் ஒன்றரை மடங்கும் கம்பெனியின் தலையில் ஏறாது.

தடுப்பது, அரசுத் திட்டங்களின் விதிதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமும் தமிழ்நாடு அரசின் நீட்ஸ் திட்டமும் புதிதாகத் தொழில் தொடங்குவோரை மனத்தில் வைத்தவை. பிணையில்லாத கடனுக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ.-யின் உச்ச வரம்பு 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடியாக உயர்ந்தது. அது குறுந்தொழில், சிறுதொழில் நடத்துபவருக்கான நல்ல உதவி, கைமாற்றத்துக்காகத் தீட்டப்பட்டதல்ல. பேட்டைத் தொழிற்பேட்டையில் புதிதாக ஒரு கொட்டகை போட்டு ஐந்து பேருக்கு வேலை தருபவருக்கு மானியம் உண்டு. அதே தெருவில் மூடப்போகும் கம்பெனியை வாங்கி ஐம்பது பேரின் வேலையைக் காப்பவருக்கு இல்லை. ஒரு நிறுவனத்தில் பத்தாண்டுக்கு மேல் வேலை செய்தவர் அதை வாங்கும்போதும் இதே மானியமும் உத்தரவாதமும் உண்டு என்று நீட்ஸ் விதியில் சேர்க்க, அரசாணை ஒன்று போதும். மாவட்டத் தொழில் மையமும் தொழிற்பேட்டைச் சங்கங்களும் வரும் பட்ஜெட்டுக்கு முன் கேட்க வேண்டியது இதைத்தான்.